ஒரே நகரம், ஒரே தேதி, இரண்டு நிலநடுக்கங்கள்: மெக்சிகோவின் ஏரிக் களிமண் பற்றி

நிலத்தடியான் (இழையைத் தொடங்கியவர்), சனி காலை 9:40

"மென்மையான மண்ணில் நில அதிர்வு கூடுதலாக இருக்கும்." பள்ளிப் புத்தகம் முதல் செய்தித்தாள் வரை இந்த ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. வரியில் பிழை இல்லை. ஆனால் எந்தக் கட்டடத்துக்குக் கூடும், எந்த வகை நிலநடுக்கத்தில் கூடும் என்ற கேள்விகளை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. அந்தக் கேள்விகளில்தான் உயிர்கள் இருக்கின்றன என்பதால் இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

மெக்சிகோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் நடுப்பகுதி டெஸ்கோகோ என்ற பழைய ஏரியின் படுகையில் உட்கார்ந்திருக்கிறது. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண். காய்ந்த மண்ணின் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும் மண் அது.

1985 செப்டம்பர் 19, காலை 7:17. பசிபிக் கரையில் மிச்சோவகான் அருகே 8.0 அளவு நிலநடுக்கம். தலைநகரம் அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். மையத்துக்கு அருகில் இருந்த கரையோர ஊர்களை விட்டுவிட்டுப் பேரழிவு தலைநகரில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், பத்தாயிரம் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. விழுந்தவற்றில் பெரும்பாலானவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். அவற்றின் பக்கத்திலேயே நின்ற ஒன்றிரண்டு மாடிப் பழைய வீடுகள் பல தப்பின. 1956இல் கட்டி முடித்த 44 மாடி லத்தினோஅமெரிக்கானா கோபுரமும் விழாமல் நின்றது.

2017 செப்டம்பர் 19, பிற்பகல் 1:14. இம்முறை பூவெப்லா, மொரேலோஸ் மாநில எல்லையில், 7.1 அளவு, தலைநகரிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவில். அன்று காலை 11 மணிக்குத்தான் 1985இன் நினைவாக நகரமே தெருவில் இறங்கி ஒத்திகை பார்த்திருந்தது. தலைநகரில் மட்டும் 228 பேர் இறந்தார்கள். இப்போது விழுந்தவை பெரும்பாலும் எட்டு மாடிக்குள் அடங்கும் கட்டடங்கள். இடமும் சற்று மாறியிருந்தது: ஏரிப்படுகையின் மேற்கு விளிம்பு, களிமண் மெலிதாகிவரும் பகுதி.

மண் அதே மண். அப்படியென்றால் ஏன் வேறு கட்டடங்கள்?

---

கரும்பலகை, சனி காலை 10:25

ஐயா, நல்ல இழை. ஆனால் ஒரு எதிர்வாதம். 8.0க்கும் 7.1க்கும் ஆற்றலில் இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு. ஒன்று தூரத்தில் பெரியது, மற்றொன்று பக்கத்தில் சிறியது. அழிவின் அளவு மாறியதற்கு இதுவே போதாதா? மண்ணை ஏன் இழுக்க வேண்டும்?

---

நிலத்தடியான், சனி பகல் 12:10

அழிவின் அளவுக்கு வேண்டுமானால் அது போதும். விழுந்த கட்டடங்களின் உயரம் மாறியதற்குப் போதாது. இரண்டு கருவிகளின் பதிவைப் பாருங்கள்.

ஒரு கருவி நகரின் தெற்கே தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், எரிமலைப் பாறை மேல் இருக்கிறது. மற்றது போக்குவரத்து அமைச்சக வளாகத்தில், ஏரிக் களிமண் மேல். 1985இல் பாறையில் பதிவான உச்ச முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் 3 முதல் 4 விழுக்காடு. களிமண்ணில் 17 விழுக்காடு. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

2017இல் பாறையில் ஏறக்குறைய 6 விழுக்காடு. அதாவது பாறையைப் பொறுத்தவரை 2017தான் வலுவான அதிர்வு. ஆனால் அதே அமைச்சக வளாகத்தின் களிமண்ணில் பதிவானது ஏறக்குறைய 9 விழுக்காடு மட்டுமே. அடியில் வந்தது கூடுதல், மேலே வெளிப்பட்டது குறைவு. "மென்மண் அதிர்வை இத்தனை மடங்கு பெருக்கும்" என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

காரணத்தைச் சொல்கிறேன். பாறையில் குறுக்கலை, அதாவது தரையைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை, நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்தக் களிமண்ணில் நொடிக்கு 80 மீட்டர் போல்தான் நகரும். வேகம் இப்படிச் சரியும்போது அலை சுமந்துவரும் ஆற்றல் வீச்சாக மாறுகிறது; தரை கூடுதலாக ஆடுகிறது. இது முதல் படி.

இரண்டாவது படிதான் கொடியது. மேலே காற்று, கீழே கெட்டியான அடுக்கு. இரண்டுக்கும் நடுவே அலை சிக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறது. களிமண்ணின் தடிமனை நான்கால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால் அந்த இடத்து மண்ணின் சொந்த அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்க அது எடுக்கும் நேரம், கிடைக்கும். அமைச்சக வளாகத்தில் தடிமன் சுமார் 40 மீட்டர். நான்கு நாற்பது 160. அதை 80ஆல் வகுத்தால் 2 நொடி. இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் அசைவு அந்த மண்ணுக்குக் கிடைத்தால், சரியான கணத்தில் தள்ளப்படும் ஊஞ்சலைப்போல ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு ஏறும். வேறு நேரத்தில் வரும் அசைவுகள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை.

இனி நிலநடுக்கத்தின் வகைக்கு வாருங்கள். 1985இல் நடந்தது, கோகோஸ் தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் செருகும் முகப்பில் ஏற்பட்ட சறுக்கல். மிகப் பெரிய பரப்பு நழுவியதால் நீண்ட அலைவு நேரமுள்ள அசைவுகள் ஏராளமாகக் கிளம்பின. 350 கிலோமீட்டர் கடந்து வருவதற்குள் வேகமான நடுக்கங்கள் வழியிலேயே தேய்ந்துவிட்டன. மிஞ்சி வந்து சேர்ந்தது 2 நொடிக்கு அக்கம்பக்கத்து அசைவு. களிமண் காத்திருந்ததும் அதற்குத்தான். அந்தக் களிமண் பதிவின் வரைகோட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: நிலநடுக்கப் பதிவுக்குரிய கிறுக்கல் எதுவும் இல்லை, கணிதப் புத்தகத்தில் வரைந்த சைன் வளைவு ஒன்றுபோல ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டே போகிறது.

2017இல் நடந்தது முகப்பில் அல்ல. கீழே சென்றுவிட்ட கோகோஸ் தட்டே 50 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இழுவிசையால் உடைந்தது. இந்த வகை உடைப்பு அதன் அளவுக்கு மீறிய வேகமான நடுக்கங்களைக் கிளப்பும். தூரமும் குறைவு என்பதால் அவை தேயாமல் வந்து சேர்ந்தன. 2 நொடி மண்ணுக்கு அதில் தீனி குறைவு. 1 முதல் 1.5 நொடி வரை அலைவு நேரமுள்ள மேற்கு விளிம்பு மண்ணுக்குத் தீனி நிறைய. கோண்டேசா, ரோமா, டெல் வாயே, நார்வார்த்தே பகுதிகள் அடிபட்டது அதனால்தான்.

---

பாலம்கட்டி, சனி பிற்பகல் 2:55

நிலத்தடியான் ஐயாவின் விளக்கத்தை ஒரு கட்டுமானப் பொறியாளனாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மண் பாதிக் கதைதான். மீதிப் பாதி கட்டடம்.

கான்கிரீட் சட்டகக் கட்டடத்துக்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மாடிக்கு 0.1 நொடி அலைவு நேரம். பத்து மாடி என்றால் 1 நொடி. அப்படியானால் 2 நொடி மண் 20 மாடிக் கட்டடங்களைத்தானே பிடித்திருக்க வேண்டும்? 1985இல் 6 முதல் 15 மாடி ஏன் விழுந்தது? காரணம், ஆட ஆடத் தூண்களும் உத்திரங்களும் வெடிப்பு விடுகின்றன. வெடித்த கட்டடம் இளகுகிறது. இளகினால் அதன் அலைவு நேரம் நீள்கிறது. அடித்தளமும் மென்மண்ணில் கொஞ்சம் சாய்ந்தாடுகிறது. அதுவும் நேரத்தைக் கூட்டுகிறது. 1 நொடியில் தொடங்கிய கட்டடம் சேதமாகச் சேதமாக 2 நொடியை நோக்கி நடக்கிறது, மண்ணோ அங்கே வலுவாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடம் அவ்வளவு தூரம் நடப்பதற்குள் அதிர்வு ஓய்ந்துவிடும். லத்தினோஅமெரிக்கானா எதிர்த் திசையில் தப்பியது: அதன் அலைவு நேரம் ஏற்கெனவே 2 நொடியைத் தாண்டியிருந்தது, வெடித்தாலும் இன்னும் விலகித்தான் போகும். போதாததற்கு அதன் அடியில் ஆழமான பைல் அஸ்திவாரமும் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) இருந்தது.

எல்லாப் பழியையும் களிமண் மேல் போட்டால் கட்டியவர்கள் தப்பிவிடுவார்கள், அதுதான் என் கவலை. 1985க்கு முந்தைய 1976 விதிகளில் ஏரிப் பகுதிக்கான நிலநடுக்கக் குணகம், அதாவது கட்டடத்தின் எடையில் எத்தனை பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற எண், 0.24. 1987 விதிகளில் அதை 0.40 ஆக்கினார்கள். 2017இல் இடிந்தவற்றில் பெரும்பாலானவை 1985க்கு முன்பு கட்டியவை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். விதி மாறியது, பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் வேலை முடியவில்லை. மூலை மனையில் இரண்டு பக்கம் சுவரும் இரண்டு பக்கம் கடையுமாகக் கட்டியவை முறுக்கிக்கொண்டு விழுந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டவையும் அப்படியே.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. அங்கே ஒரு அரசுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பதிவானது ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கே பல மாடிக் குடியிருப்புகள் பல சரிந்தன. அடியில் சபர்மதியின் வண்டல், மேலே தூண் மட்டும் நின்ற கார் நிறுத்தத் தளம். இரண்டும் கூட்டு.

---

மேகலா_பாங்காக், சனி மாலை 6:30

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. 2025 மார்ச் 28 அன்று பாங்காக்கில் 22ஆம் மாடி அலுவலகத்தில் இருந்தேன். முதலில் தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன். பக்கத்து மேசைக்காரரும் அதையே சொன்னார். பிறகு ஆளில்லாத சக்கர நாற்காலி ஒன்று அறையின் ஒரு மூலைக்கு மெதுவாக உருண்டு போய், நின்று, திரும்பி வந்தது. குலுக்கல் என்றே சொல்ல முடியாது. கப்பலில் இருப்பதுபோன்ற பெரிய, சோம்பலான அசைவு. சுவர் முறுகும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடி நீச்சல்குளத்திலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. படியில் இறங்கித் தெருவுக்கு வந்தால், தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மா "என்ன ஆயிற்று, ஏன் எல்லோரும் ஓடி வருகிறீர்கள்?" என்று கேட்கிறார்!

மியான்மர் மாண்டலே அருகே நடந்தது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களை எப்படி ஆட்டியது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த இழையில் பாதி விடை கிடைத்தது. மீதியையும் யாராவது சொல்லுங்கள்.

---

நிலத்தடியான், சனி இரவு 8:05

மேகலா அம்மா, நீங்கள் பத்திரமாக இறங்கியதில் மகிழ்ச்சி. நீங்கள் சொன்ன "சோம்பலான அசைவு" என்பதிலேயே விடை இருக்கிறது.

மியான்மரில் அன்று நழுவிய சகாயிங் பிளவு பக்கவாட்டில் நழுவும் வகை. 7.7 அளவு. நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்குப் பிளவு கிழிந்தது, அதில் பெரும்பகுதி தெற்கு நோக்கி ஓடியது. கிழிசல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசைக்கு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து போகும். பாங்காக் அந்தத் தெற்குப் பக்கம். ஆயிரம் கிலோமீட்டரில் வேகமான நடுக்கம் எதுவும் மிஞ்சாது, சில நொடிக்கு ஒருமுறை ஆடும் நீண்ட அலைகள் மட்டுமே மிஞ்சும். பாங்காக்கின் அடியில் 15 மீட்டர் போல் மென் களிமண், அதற்கும் கீழே பல நூறு மீட்டர் வண்டல். அந்த ஆழ வண்டல் நீண்ட அலைகளைப் பிடித்துக்கொள்ளும். உயரமான கட்டடங்கள் அதே நேரக் கணக்கில் ஆடுபவை. தரையில் நின்ற பழக்கார அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போனதும் அதனால்தான்.

---

பாலம்கட்டி, சனி இரவு 8:40

ஒரு சேர்க்கை. சதுச்சாக்கில் கட்டுமானத்தில் இருந்த முப்பது மாடிக்கும் மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று மட்டும்தான் அப்படித் தரைமட்டமானது. அதே மண்ணில், அதே அலையில், பாங்காக்கின் மற்ற நூற்றுக்கணக்கான உயர்மாடிகள் விரிசலோடு நின்றன. மண் கேள்வித்தாளைக் கடினமாக்கியது உண்மை. விடை எழுதியது கட்டுமானம்.

---

கரும்பலகை, ஞாயிறு காலை 7:50

என் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, நன்றி. இன்னொன்று. மென்மண் அதிர்வை உறிஞ்சாதா? பஞ்சு மெத்தையில் குதித்தால் அடிபடாது என்கிறோமே. மிகப் பலமான அதிர்விலும் மென்மண் இதேபோல் ஐந்து மடங்கு பெருக்கினால் தரையில் எதுவுமே நிற்காதே?

---

நிலத்தடியான், ஞாயிறு காலை 9:15

மிக நல்ல கேள்வி. 1995 ஜனவரி 17 கோபே இதற்கு நேரடி விடை.

கோபேயில் பிளவு நகரத்தின் அடியிலேயே இருந்தது. ஆழம் குறைவு, தூரம் இல்லை. கடலில் மண் கொட்டி உருவாக்கிய போர்ட் ஐலண்ட் தீவில் ஒரே துளையில் வெவ்வேறு ஆழத்தில் கருவிகள் இருந்தன. 83 மீட்டர் ஆழத்தில் வடக்கு தெற்குத் திசையில் பதிவான உச்ச முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் கிட்டத்தட்ட 69 விழுக்காடு. தரைமட்டத்தில் அதில் பாதி! கொட்டிய மண் நீரோடு குழம்பி வலுவிழந்ததால் வேகமான அசைவு மேலே ஏறவே முடியவில்லை.

ஆக, உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் என்ன விலை கொடுத்து? தரை அமிழ்ந்தது, மணலும் நீரும் பீறிட்டு வந்து தெருக்களை மூடின, துறைமுகச் சுவர்கள் கடலை நோக்கி மீட்டர் கணக்கில் நகர்ந்தன. கட்டடத்தை ஆட்டாத மண் கட்டடத்தின் காலடியை வாரியது. அதை மெத்தை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பொதுவாக, பக்கத்திலிருந்து வரும் பலமான அதிர்வில் மண் இளகி, ஆற்றலை வீணடித்து, பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். தொலைவிலிருந்து வரும் மிதமான அதிர்வில் மண் கெடாமல் இருந்து முழுப் பெருக்கத்தையும் கொடுக்கும். மெக்சிகோ களிமண்ணின் விபரீதம் என்னவென்றால், அது மிகவும் நெகிழ்வான களிமண். மற்ற மண் இளகிவிடும் அளவுக்கு உருக்குலைந்தாலும் ரப்பர் போல மீண்டு வரும். அதனால்தான் 1985இல் ஐந்து மடங்கும் குறையாமல் மேலே வந்தது.

---

மலைச்சாரல், ஞாயிறு காலை 10:30

காத்மாண்டுவும் பழைய ஏரிப்படுகைதான். 2015 ஏப்ரல் 25இல் 7.8 நிலநடுக்கம் அதன் அடியிலேயே நழுவியும் நகரத்தின் சிறிய வீடுகள் பல நின்றன. மலைக் கிராமங்களின் கல்வீடுகள்தான் பெருமளவில் நொறுங்கின. இதுவும் அதே கணக்கா?

---

நிலத்தடியான், ஞாயிறு காலை 11:00

அதே கணக்குதான். அங்கே படுகை ஐந்நூறு மீட்டர் அளவுக்கு ஆழம், அதனால் 4 முதல் 5 நொடி அலைவு ஓங்கி நின்றது. இரண்டு மூன்று மாடி வீட்டின் நேரம் அரை நொடிக்கும் கீழே. வீடுகளைப் பிடிக்கக்கூடிய வேகமான நடுக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த நடுக்கம் வேறு வகையாக இருந்தால் இதே வீடுகள் இதேபோல் நிற்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

---

வேளச்சேரி_ரவி, ஞாயிறு பிற்பகல் 1:20

அண்ணா, சென்னையில் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது மாடி. இதையெல்லாம் படித்துவிட்டு முன்பணம் கொடுக்கக் கை வரவில்லை. நான் என்ன கேட்க வேண்டும்?

---

பாலம்கட்டி, ஞாயிறு பிற்பகல் 3:45

தம்பி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மெக்சிகோ போன்ற தட்டு முகப்பு சென்னைக்குப் பக்கத்தில் கிடையாது. 2002இல்தான் சென்னையை நிலநடுக்க அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அளவு அதிர்வைச் சென்னையில் பலர் உணர்ந்தார்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான நம் இந்தியத் தர விதி IS 1893, அதன் 2016 பதிப்பில், மண்ணை மூன்றாகப் பிரிக்கிறது: பாறை அல்லது கெட்டி மண், நடுத்தரம், மென்மண். 0.3 நொடி நேரமுள்ள மூன்று மாடி வீட்டுக்கு மூன்று மண்ணிலும் ஒரே விசைதான் கணக்கு. ஆனால் 1 நொடி நேரமுள்ள கட்டடத்துக்கு மென்மண்ணில் பாறையைவிட 1.67 மடங்கு விசை எடுக்க வேண்டும். உங்கள் ஒன்பது மாடி அந்த ஒரு நொடிக்குப் பக்கத்தில் வரும். எனவே மண் வகையை எப்படி எடுத்தார்கள் என்பது உங்கள் தூணின் கம்பியில் நேராக எதிரொலிக்கும்.

கேட்க வேண்டியவை: மண் பரிசோதனை அறிக்கையின் நகல், அதில் ஒவ்வொரு துளையும் எவ்வளவு ஆழம், N மதிப்பு (சோதனைக் குழாயை மண்ணில் இறக்க எத்தனை சம்மட்டி அடி தேவைப்பட்டது என்ற எண்ணிக்கை) எவ்வளவு என்ற பக்கம். N மதிப்பு தொடர்ந்து 10க்குக் கீழே இருந்தால் அது மென்மண். பிறகு கட்டமைப்பு வடிவமைப்பு அறிக்கையில் எந்த மண் வகையைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கார் நிறுத்தத் தளத்தில் வெறும் தூண்களா, அல்லது மேலிருந்து தரை வரை இறங்கும் கான்கிரீட் சுவர்கள் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். நகல் தர மறுத்தால் முன்பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

---

மலைச்சாரல், ஞாயிறு மாலை 5:10

கடைசியாக ஒன்று. மெக்சிகோ நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சி அமிழ்ந்துகொண்டே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 1985இல் போட்ட மண் வரைபடம் இன்னும் செல்லுமா?

---

நிலத்தடியான், ஞாயிறு இரவு 9:30

செல்லாது, மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். சில இடங்களில் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை தரை இறங்குகிறது. ரெஃபோர்மா சாலையில் உள்ள விடுதலைத் தேவதை நினைவுத்தூண் பைல் மேல் நிற்பதால் அது இறங்கவில்லை, சுற்றிலும் உள்ள தெரு இறங்கிவிட்டது. அதனால் பீடத்துக்கு ஏற 14 படிகளைப் பின்னாளில் சேர்த்துக் கட்டினார்கள்.

நீர் வெளியேறினால் களிமண் மெலிகிறது, இறுகவும் செய்கிறது. தடிமன் குறைகிறது, அலையின் வேகம் கூடுகிறது. நான் முன்பு சொன்ன வகுத்தலில் மேலே உள்ள எண் சிறிதாகிக் கீழே உள்ளது பெரிதாகிறது. இரண்டும் அலைவு நேரத்தை ஒரே திசையில், கீழ்நோக்கி, தள்ளுகின்றன. 2 நொடியாக இருந்த தெரு 1.5 நொடியை நோக்கிப் போகும்போது அங்கே ஆபத்தில் இருப்பவை முன்பைவிடக் குட்டையான கட்டடங்கள். படுகையின் கிழக்கே 3, 4 நொடியாக இருந்த இடங்களோ மெல்ல 2 நொடிக்கு இறங்கி வருகின்றன. 1985இல் தப்பித்த அந்தப் பகுதிகளில்தான் அதன்பின் நகரம் பெருகியது. 2017 இறுதியில் வந்த புதிய விதிகளோடு மெக்சிகோ நகரம் ஒரு கணினி நிரலைச் சேர்த்தது. மனையின் இருப்பிடத்தைக் கொடுத்தால் அந்த மனைக்கான அதிர்வுக் கணக்கையே அது தருகிறது. மண்டலத்துக்கு ஒரே எண் என்ற முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த நிரலுக்கு ஊட்டும் அலைவு நேரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெருத் தெருவாகப் புதிதாக அளந்தாக வேண்டும். நில அதிர்வே வேண்டாம். இரவில் ஒரு கருவியைத் தரையில் வைத்து, போக்குவரத்தாலும் காற்றாலும் வரும் நுண்ணதிர்வைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்தாலே மண்ணின் நேரம் தெரிந்துவிடும்.